நான்காவது கோடு

மாடிவீட்டுப் பெண் கதவைத் தட்டியபோது, கம்ப்ரசர் தன் அண்ணியின் ஃப்ரிட்ஜைச் சுவரை விட்டு இழுத்துப் போட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்வது அவர் தொழில் என்பது பாதிக் காரணம். ஓயாமல் உறுமிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று அடங்கிவிடுவார் என்பது மீதிக் காரணம். வெளியே மூன்று நாளாக விடாத தூறல். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் இறங்கி இறங்கி எதிர்வீடே கரைந்து ஓடுகிற மாதிரி இருந்தது.

நாற்காலியில் அண்ணி கண்ணை அரைவாசி மூடிச் சாய்ந்திருந்தார். முப்பது வருஷம் கைரேகைப் பிரிவில் லென்ஸும் கையுமாக உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் ரேகையம்மா. அவர் தூங்குகிறாரா யோசிக்கிறாரா என்பது தாலி கட்டிய அண்ணனுக்கே இன்னும் பிடிபடவில்லை, கொழுந்தன் எம்மாத்திரம்?

"அம்மா, வெள்ளிக்கிழமை கமிட்டி கூடி என்னை வெளிய அனுப்பிடுவாங்க" என்றாள் மாடிவீட்டுப் பெண். நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை. "ஆறு வருஷ உழைப்பு. மோசடிப் பட்டத்தோட போகணும்."

"யாரு? எவன்? எப்போ?" என்று கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து உறுமினார்.

"கொழுந்தனாரே, முதல்ல வெளிய வாங்க. ஷாக் அடிச்சு வச்சா உங்க அண்ணன் என்னைத்தான் பிடிப்பார்" என்றார் ரேகையம்மா, கண்ணைத் திறக்காமலே. "நீ உக்காரும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சு முதல்லருந்து சொல்லு."

அவள் சொன்னாள். பால்குடி மாறாத பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். இரண்டு நாளில் பட்டியே காலியாகும். அதற்குக் காரணம் ரோட்டா என்ற வைரஸ். தடுப்பு மருந்து செய்ய வேண்டுமென்றால் அதைக் குடுவையில் வளர்க்க வேண்டும். குடுவையின் அடியில் ஒரே விரிப்பாகப் படர்ந்திருக்கும் செல்களின் மேல் வைரஸை ஊற்றினால், அது உள்ளே புகுந்து பெருகும். செல்கள் செத்துக் கழன்று மிதக்கும். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய வைரஸ் உண்டு. அது எப்போது போட்டாலும் காடு மாதிரி வளரும். ஆனால் போன வருஷம் ஒரு பண்ணையிலிருந்து அவள் கொண்டுவந்த புதிய வைரஸ் பேருக்குத்தான் வளர்ந்தது.

"வாராவாரம் ஒரு குடுவையிலருந்து எடுத்து அடுத்த குடுவைக்கு மாத்துவேன். ஏழு தடவை மாத்தியும் உப்புக்குச் சப்பாணியா கிடந்தது. எட்டாவது தடவை பிச்சுக்கிட்டு வளர்ந்தது. அதுலருந்து ஒரே ஒரு வைரஸைப் பிரிச்செடுத்துப் பெருக்கினேன். தானாப் பழகிடுச்சுன்னு நினைச்சேன். அழுதே விட்டேன்."

"அப்புறம்?"

அவள் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கறுப்புப் பின்னணியில் மூன்று வரிசை; ஒவ்வொன்றிலும் ஏணிப்படி மாதிரி வெள்ளைக் கோடுகள். "இந்த வைரஸுக்கு மரபணு ஒரே கயிறு இல்லம்மா. பதினொரு துண்டு. ஜெல்லுங்கிற கட்டிக் கூழுல கரண்ட் வச்சு ஓடவிட்டா நீளத்துக்குத் தகுந்த மாதிரி பதினொரு கோடா நிக்கும். ஒவ்வொரு வைரஸுக்கும் கோடு நிக்கிற இடம் கொஞ்சம் மாறும்."

ரேகையம்மாவின் கண் முழுதாகத் திறந்தது. கை தானாகவே அலமாரியில் இருந்த லென்ஸைத் தேடிப் போயிற்று. "அட, இதுவும் ரேகைதானே! மேல நாலு, அப்புறம் ரெண்டு, நெருக்கமா மூணு, கீழ ரெண்டு. இது பண்ணை வைரஸ், இது பழசு, நடுவுல எட்டாவது தடவை நீ வளர்த்ததா?" லென்ஸைக் கோடு கோடாக நகர்த்தினார். "பத்துக் கோடு பண்ணையோடது. நாலாவது மட்டும் பழசோட நிக்குது."

"அதான் வினை. ஒரே செல்லுக்குள்ள ரெண்டு வைரஸ் புகுந்தா துண்டுகள் கலைஞ்சு, பிறக்கிற குட்டி இதுலருந்து பத்தும் அதுலருந்து ஒண்ணும் எடுத்துக்கும். நாலாவது துண்டுதான் வைரஸோட தலையில இருக்கிற முள்ளைச் செய்யுது. அந்த முள்ளாலதான் அது செல்லுக்குள்ள நுழையுது. பழைய வைரஸை நானே கலந்துட்டு, பண்ணை வைரஸ் தானா வளர்ந்ததா கதை விட்டேன்னு பேராசிரியர் புகார் எழுதிட்டார். பழைய வைரஸ் இருக்கிற பெட்டிக்கு ரெண்டே சாவிதான். ஒண்ணு அவர்கிட்ட. ஒண்ணு என்கிட்ட."

"நீ கலந்தியா?"

"சத்தியமா இல்லம்மா."

"சரி. நாளைக்கு வரேன்" என்றார் ரேகையம்மா. பேராசிரியரும் தடுக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும். போன வருஷம் அங்கே காணாமல்போன ஒரு தராசைத் தேடிக் கொடுத்தவர் ரேகையம்மாதான்.

* * *

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்துத் தாழ்வாரத்தில் கம்ப்ரசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சுவராக முகர்ந்து பார்க்காத குறையாக நடந்தார். ஒரு பெரிய புகைப்படம் அவரை நிறுத்தியது. போன மாதம் பதினான்காம் தேதி பார்வையாளர்கள் வந்த நாளில் எடுத்தது என்று சட்டத்தின் அடியில் எழுதியிருந்தது. நடுவில் பேராசிரியர். கோட்டும் சூட்டுமாகக் கேமராவைப் பார்த்து ஒரே சிரிப்பு. கையிலிருந்த, திரவம் உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டின் முனை, நீல மூடி கழற்றிய ஒரு சின்னப் பாட்டிலுக்குள் இருந்தது. முன்னால் ஒரு தாங்கியில் ரோஸ் நிறத் திரவத்தோடு ஒரே ஒரு கண்ணாடிக் குழாய்.

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்கிறார் பாருங்க அண்ணி" என்றார் கம்ப்ரசர். அண்ணி கிட்டே போய்ப் படத்தைப் பார்த்தார்.

பேராசிரியர் வாட்டசாட்டமான மனிதர். மரியாதையாக எழுந்து நின்றார். மேசையில் புகார்க் கடிதம். அச்சடித்த வரிகளுக்கு நடுவே பச்சை மையில் திருத்தங்கள், அடியில் பச்சை மையில் கையெழுத்து.

"அம்மா, எனக்கு மட்டும் சந்தோஷமா? சொந்தப் பொண்ணு மாதிரி நினைச்சேன்" என்றார். "ஆனா கோடு பொய் சொல்லுமா? பழைய வைரஸ் காலு முளைச்சு நடந்து வந்துச்சா?"

"கோடு பொய் சொல்லாது சார். அதைப் பார்க்கிறவங்க அவசரப்படலாம்" என்றார் ரேகையம்மா. "அந்த அறையைப் பார்க்கலாமா?"

செல் வளர்ப்பு அறைக்குள் நுழைந்ததும் கம்ப்ரசருக்கே பேச்சு குறைந்துவிட்டது. இளஞ்சூடு. எங்கோ ஒரு மெல்லிய ரீங்காரம். அடுக்கடுக்காகக் குடுவைகள், ஒவ்வொன்றின் அடியிலும் விடிகாலை வானம் மாதிரி வெளிறிய ரோஸ் திரவம். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தார். கூழாங்கல் பதித்த தெரு ஒன்று தண்ணீருக்கு அடியில் ஓசையில்லாமல் கிடந்தது. கண்ணை எடுக்கவே மனசில்லை.

"செல்லும் சரி, வைரஸும் சரி, இந்த ரோஸ் திரவத்துலதான் இருக்கும்" என்று அந்தப் பெண் விளக்கினாள். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து நீல மூடி போட்ட ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தாள். உள்ளே இருந்தது வெறும் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. "இது டிரிப்சின். குடல்ல சோத்தைச் செரிக்க வைக்கிற அதே சாமான். வைரஸோட முள்ளை இது நறுக்கி விட்டாத்தான் அது செல்லுக்குள்ள போகும். ஊத்துறதுக்கு முன்னாடி வைரஸையும் இதையும் குழாயில கலக்கணும். கூடிப்போனா செல்லையே தரையிலருந்து பெயர்த்துடும்."

கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்குள் கையை விட்டார், கதவின் ரப்பரைத் தடவினார், மோட்டாரில் காதை வைத்தார். கரண்ட் போய் ஏதோ கெட்டிருக்கும் என்பது அவருடைய முதல் துப்பு. அது அந்த நிமிஷமே செத்தது. "தங்கமான மெஷின் அண்ணி. நாலு டிகிரியில கல்லு மாதிரி நிக்குது. இதுக்குள்ள எதை வச்சாலும் சாகாது, தூங்கும்."

"நல்லாச் சொன்னீங்க" என்றார் அண்ணி. கொழுந்தனுக்கு எதற்குப் பாராட்டு என்று புரியவில்லை. ஆனாலும் மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்து குறிப்பேடு. எட்டாவது மாற்றம், பதினைந்தாம் தேதி. ரேகையம்மா விரல் வைத்து வாசித்தார். வைரஸ் போட்ட குடுவையில் மூன்றே நாளில் செல்கள் கழன்றன என்று இருந்தது. அதற்குக் கீழே: 'வைரஸ் போடாத குடுவையிலும் ஐந்தாம் நாள் செல்கள் கழன்றன. டிரிப்சின் கூடுதல். கொட்டியாயிற்று.'

"வைரஸ் போடாத குடுவை எதுக்கும்மா?"

"ஒப்பிட்டுப் பார்க்கத்தான். மத்ததெல்லாம் அதே அளவு போடுவோம், வைரஸ் மட்டும் கிடையாது. கண்ட்ரோல்னு பேரு."

"அதுவும் செத்துப்போச்சு."

"டிரிப்சின் கூடிட்டா அப்படித்தான் ஆகும். அதனால அந்தப் பாட்டிலையே தூக்கிப் போட்டேன். புதுப் பாட்டில் திறந்தப்புறம் கண்ட்ரோல் நல்லாத்தான் இருந்தது."

பின்கட்டில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார் ஒருவர். குடுவைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கம்ப்ரசரின் இரண்டாவது துப்பு அவர் மேல் பாய்ந்தது. ஏனென்றால் அவருடைய அலமாரியில் ஒரு தடித்த நோட்டு. பக்கம் பக்கமாகப் பாட்டில்களிலிருந்து உரித்த லேபிள்கள்.

"பார்த்தீங்களா அண்ணி! குப்பைக்குப் போற லேபிள் இவருக்கு எதுக்கு?"

"எந்தப் பாட்டிலை எப்பத் தூக்கிப் போட்டோம்னு தெரிய வேண்டாமா சார்?" என்றார் குடுவைக்காரர், கையை ஈரத்தோடு மடித்துக் கட்டிக்கொண்டு. "இங்க ஏதாவது கெட்டுப்போனா முதல்ல என் தலையைத்தான் உருட்டுவாங்க. நீங்க இப்போ உருட்டல?"

கம்ப்ரசர் அடங்கிவிட்டார். ரேகையம்மா சிரித்துக்கொண்டே நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு லேபிளிலும் வரிசையாகப் புள்ளிகள். பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் திறப்பவர் தன் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பத்துப் புள்ளி ஆனால் பாட்டில் குப்பைக்கு. பேராசிரியர் போட்ட சட்டம். போன மாதப் பக்கத்தில் மாடிவீட்டுப் பெண்ணின் டிரிப்சின் லேபிள் இருந்தது. அதில் எட்டே புள்ளிகள்: ஆறு நீலம், ஒரு பச்சை, பிறகு ஒரு நீலம். ஓரத்தில் குடுவைக்காரர் பென்சிலால் இருபதாம் தேதி என்று எழுதியிருந்தார்.

ரேகையம்மா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தாழ்வாரத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். கம்ப்ரசரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மழைச் சத்தமும் அறையின் ரீங்காரமும் கலந்து அவரையும் இழுத்துக்கொண்டு போயின. கனவில் அண்ணன் தம்பி பதினொரு பேர் வரிசையாக நின்றார்கள். நாலாவது தம்பி மட்டும் அடுத்த வீட்டுக்காரன் சட்டையைப் போட்டுக்கொண்டு, எல்லாக் கதவையும் தொட்டுத் தொட்டுத் திறந்தான். சட்டை எப்படி வந்தது என்று கேட்டால் பாட்டிலைக் காட்டினான்.

திடுக்கிட்டு விழித்து, கனவை அண்ணியிடம் ஒப்பித்தார்.

"பரவாயில்லையே" என்றார் ரேகையம்மா. "நீங்க முழிச்சிருக்கும்போது சொன்ன ரெண்டு துப்பை விட இது தேவலை. நாளைக்கு எல்லாரையும் அந்த அறைக்கு வரச் சொல்லுங்க."

* * *

வியாழக்கிழமையும் தூறல் நிற்கவில்லை. அந்தச் சூடான அறையில் பேராசிரியர், மாடிவீட்டுப் பெண், குடுவைக்காரர் மூவரும் சுவரோரமாக நின்றார்கள். கம்ப்ரசர் வாசலை அடைத்து நின்றார், யாரோ ஓடப்போகிற மாதிரி.

"முதல்ல ஒண்ணு கேக்கறேன்" என்றார் ரேகையம்மா. "இந்தப் பொண்ணு வேணும்னே பழைய வைரஸைக் கலந்திருந்தா எந்தக் குடுவையில கலப்பா?"

"வைரஸ் குடுவையிலதான்" என்றார் பேராசிரியர்.

"அப்போ கண்ட்ரோல் ஏன் செத்துச்சு?"

"டிரிப்சின் கூடியிருக்கும். அவளே எழுதியிருக்காளே."

"அதே பாட்டில்ல, அதே அளவு, ரெண்டாவது மாத்தத்துலருந்து ஆறு தடவை போட்டிருக்கா. ஒரு தடவையும் செல் கழலலை. அந்த ஒரு நாள் மட்டும் எப்படிக் கூடும்? டிரிப்சின் அதிகமானாலும் செல் கழலும். வைரஸ் புகுந்தாலும் செல் கழலும். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. இது இந்த அறைக்காரங்க மட்டுமே பண்ற தப்பு சார். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறதால நான் தப்பிச்சேன்." அவர் பெண்ணின் பக்கம் திரும்பினார். "ரெண்டு குடுவையிலயும் நீ போட்ட பொதுவான சாமான் எது?"

அவள் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, "டிரிப்சின்" என்றாள். "ஐயோ! பழைய வைரஸ் பாட்டிலுக்குள்ளயே இருந்திருக்கு."

"நாலு டிகிரியில சாகாது, தூங்கும். எங்க கொழுந்தனார் வாக்கு."

கம்ப்ரசர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"அப்போ பாட்டிலுக்குள்ள யார் போட்டது?" என்றார் பேராசிரியர். "ரெண்டே சாவி. அதையும் இவதான் பண்ணியிருக்கணும்."

"சார், கோவிச்சுக்காம ஒரு தடவை எனக்குச் செஞ்சு காட்டுங்களேன். வைரஸையும் டிரிப்சினையும் எப்படிக் கலப்பீங்க? வெறும் தண்ணியும் ரோஸ் திரவமும் வச்சுக் காட்டினா போதும்."

பேராசிரியர் சட்டைக் கையை மடித்தார். என்ன இருந்தாலும் கைத்தொழில் பெருமை யாரை விட்டது? பிப்பெட்டை எடுத்தார். முதலில் தெளிந்த திரவத்தை உறிஞ்சிக் குழாயில் விட்டார். பிறகு அதே பிப்பெட்டால் ரோஸ் திரவத்தை எடுத்து அதோடு சேர்த்தார். "நான் படிச்ச காலத்துல பிப்பெட்டுக்குப் பஞ்சம். ஒண்ணே ஒண்ணுதான் குடுப்பாங்க. டிரிப்சின் முதல்ல, வைரஸ் அப்புறம். வரிசை சரியா இருந்தா ஒண்ணே போதும், பாட்டில் சுத்தமா இருக்கும்."

"வரிசை மாறினா?"

"வைரஸ் ஒட்டின முனை டிரிப்சின் பாட்டிலுக்குள்ள போயிடும். ஆனா மாறாது. முப்பது வருஷமா எனக்கு மாறினதே இல்லை."

"கொழுந்தனாரே, அந்தப் படத்தைக் கழட்டிட்டு வாங்க."

கம்ப்ரசர் ஓடிப்போய்ப் புகைப்படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ரேகையம்மா லென்ஸைப் பேராசிரியரிடம் நீட்டினார்.

"பதினாலாம் தேதி. எப்பவும் தவறாம வளர்ற பழைய வைரஸை வச்சுத்தான் பார்வையாளர்களுக்குச் செஞ்சு காட்டறீங்க. பிப்பெட் முனை டிரிப்சின் பாட்டிலுக்குள்ள இருக்கு. டிரிப்சின்தான் முதல்ல போறதுன்னா, தாங்கியில இருக்கிற குழாய் இந்த நேரம் காலியால்ல இருக்கணும்? ஏன் சார் ஏற்கெனவே ரோஸா இருக்கு?"

பேராசிரியர் லென்ஸை வாங்கவில்லை. அது தேவைப்படவில்லை. அவர் கண்ணுக்கே தெரிந்தது.

"பேச்சு சுவாரசியத்துல கை மாறிப்போச்சு" என்றார் ரேகையம்மா மெதுவாக. "ஃப்ரிட்ஜுல முன்னாடி இருந்த பாட்டிலை எடுத்தீங்க. அது இவளோடது. நீங்க போட்ட சட்டப்படி லேபிள்ல புள்ளியும் வச்சீங்க. ஆறு நீலத்துக்கு அப்புறம் ஒரு பச்சை. இந்தக் கட்டடத்துல பச்சை மை யாருக்கு? மறுநாள் இவ எட்டாவது மாத்தம் பண்ணி, கடைசி நீலத்தை வச்சா. அஞ்சு நாள் கழிச்சுக் கண்ட்ரோலைப் பார்த்துட்டுப் பாட்டிலைத் தூக்கிப் போட்டா. ரெண்டு சாவின்னு எழுதினீங்களே, அதுல ஒரு சாவியை மட்டும்தான் எண்ணியிருக்கீங்க. தன் முதுகு தனக்குத் தெரியாது சார்."

நாற்காலியை இழுத்துப் பேராசிரியர் உட்கார்ந்தார். அத்தனை பெரிய மனிதர் திடீரென்று சுருங்கிப்போனது கம்ப்ரசருக்குப் பாவமாக இருந்தது. வாசலை விட்டு நகர்ந்து, அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்தார். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். தப்பித்த அழுகையா, தன் வைரஸ் தானாகப் பழகவில்லை என்ற அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"உன் மேலயும் ஒரு தப்பு இருக்கும்மா" என்றார் ரேகையம்மா. "கண்ட்ரோல் செத்ததுக்குக் காரணம் தெரியாம, தெரிஞ்ச மாதிரி எழுதிட்ட. பொய் இல்லை. ஆனா உண்மையும் இல்லை."

"தெரியுதும்மா." முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெல் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. "ஆனா இங்க பாருங்க. பத்துத் துண்டும் பண்ணையோடதுதான். நாலாவது மட்டும் மாறியிருக்கு. அந்த ஒண்ணு மாறினதுக்கே இப்படி வளருதுன்னா, வளர விடாம பிடிச்சு வச்சிருந்தது அந்த ஒரு துண்டுதானே? சார், இதை இனிமே வேணும்னே, ஒழுங்கா, ஒவ்வொரு துண்டா மாத்திப் பார்க்கணும்!"

பேராசிரியர் தலையை நிமிர்த்தினார். ஒரு நிமிஷம் அவர் கண்ணிலும் அதே வெளிச்சம் வந்தது. பிறகு, தான் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த புகார்க் கடிதம் கண்ணில் பட்டது. அதை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் போனார்.

"சார், கிழிக்காதீங்க" என்றாள் அவள்.

அவர் கை நின்றது.

"தப்பா எழுதினதைக் கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கணும். அடிச்சதுக்கு அப்புறமும் அடியில இருக்கிறது படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடணும். நான் சேர்ந்த முதல் நாளே நீங்க சொன்னது."

அவள் முதலில் தன் குறிப்பேட்டைத் திறந்து, 'டிரிப்சின் கூடுதல்' என்ற சொற்களின் மேல் ஒரு நீலக் கோடு இழுத்தாள். பேராசிரியர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். மோசடி என்று எழுதியிருந்த வரியின் மேல் நிதானமாக ஒரு பச்சைக் கோடு போட்டார். பக்கத்தில், 'கலந்தது என் கை' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார். கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

"நாளைக்குக் கமிட்டி முன்னாடி இதை நான்தான் வாசிக்கணும். நீ பக்கத்துல நில்லும்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். குடுவைக்காரர் எதுவுமே நடக்காத மாதிரி, பேராசிரியர் செய்து காட்டிய குழாயையும் பிப்பெட்டையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.